கிரேக்கத் தீவுகள்: ஐந்து நண்பர்கள், பத்து இரவுகள், ஆறு தீவுகள். இந்தத் திட்டம் சரிவருமா?

கொங்குக்காற்று (மார்ச் 4)

வணக்கம். கல்லூரி விடுதியில் ஒரே மெஸ்ஸில் நான்கு வருடம் சாப்பிட்ட ஐவர் நாங்கள். இருவர் கோவையில், ஒருவன் சென்னையில் வங்கி வேலையில், ஒருத்தி நாகப்பட்டினத்தில் ஆசிரியை, ஒருவன் ஜெர்மனியில். நாற்பது வயதுக்குள் ஒரு முறையாவது சேர்ந்து வெளிநாடு போக வேண்டும் என்பது பதினைந்து வருடப் பேச்சு. இந்த ஆகஸ்டில் நடக்கப்போகிறது. 7ஆம் தேதி ஏதென்ஸில் இறங்குகிறோம், 17ஆம் தேதி திரும்புகிறோம்.

திட்டம்: ஏதென்ஸ் 1 இரவு, மிக்கோனோஸ் 2, பரோஸ் 1, நாக்ஸோஸ் 1, சாண்டோரினி 2, கிரீட் 2, ரோட்ஸ் 1.

ஆகஸ்டை மாற்ற முடியாது. ஜெர்மனிக்காரனுக்கு அப்போதுதான் விடுப்பு. ஒருவன் சைவம். ஒருவனுக்கு வரலாறு என்றால் தூக்கம் வரும், எனக்கு வரலாறு இல்லையென்றால் தூக்கம் வராது. போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலக்கரை (மார்ச் 4)

தம்பி, இது சுற்றுலாத் திட்டம் அல்ல, தபால்காரர் பட்டுவாடா செய்யும் வரிசை.

வரைபடத்தில் ரோட்ஸ் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? துருக்கிக் கரையோரம். மிக்கோனோஸ், பரோஸ், நாக்ஸோஸ், சாண்டோரினி எல்லாம் சைக்லடீஸ் என்ற ஒரே கூட்டம். கிரீட் தனி உலகம். அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காரில் போகவே ஒரு பகல் போய்விடும். அதற்கு இரண்டு இரவு கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்று.

தீவு மாறும் ஒவ்வொரு நாளும் பாதி நாள் போய்விடும். காலையில் அறையைக் காலி செய்ய வேண்டும், துறைமுகத்தில் நிற்க வேண்டும், கப்பல் ஒரு மணி நேரம் தாமதம், இறங்கினால் அடுத்த அறைக்கு வழி தேட வேண்டும், அங்கே மூன்று மணிக்கு முன் சாவி தரமாட்டார்கள். ஐந்து பேர் என்றால் இதெல்லாம் ஐந்து மடங்கு. ஒருவர் கழிவறையில் இருப்பார், ஒருவர் சார்ஜரை மறந்திருப்பார்.

இன்னொன்று: ஆகஸ்ட் என்றால் மெல்தேமி. அதைப் பற்றி யாராவது விவரம் தெரிந்தவர் எழுதட்டும், எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது.

திசைமானி (மார்ச் 5)

மெல்தேமி என்பது கோடையில் ஈஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் காற்று. ஜூலை, ஆகஸ்டில் உச்சம். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும், கடல் மட்டும் கொதிக்கும். நம் ஊர்ப் புயலைப் போல இருட்டிக்கொண்டு வந்து எச்சரிக்காது. அதனால்தான் முதல்முறை போகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

அங்கே எல்லோரும் காற்றைப் 'போஃபோர்' கணக்கில்தான் பேசுவார்கள். ஆறு போஃபோர் என்றால் தலைக்குல்லாய் பறக்கும். எட்டு, ஒன்பது என்றால் கடலோரக் காவல்படை கப்பல்களை நிறுத்திவைக்கும். அந்தத் தடைக்கு 'அபகொரெவ்திகோ' என்று பெயர். இந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், துறைமுகத்தில் காதில் விழுந்தால் பையைக் கீழே வைத்துவிட்டு காபி சொல்லலாம்.

கப்பலில் இரண்டு வகை. மேல்தளத்தில் நின்று கடல் பார்க்கக்கூடிய பெரிய கப்பல். ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாண்டோரினிக்குச் சுமார் எட்டு மணி நேரம். மற்றது விரைவுப் படகு, ஐந்து மணி நேரத்தில் போய்விடும், கட்டணம் அதிகம், பெரும்பாலும் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். காற்று எழுந்தால் முதலில் நிற்பதும் அதிகம் குலுக்குவதும் விரைவுப் படகுதான். வயிறு பலவீனமானவர் கூட்டத்தில் இருந்தால் பெரிய கப்பலை எடுங்கள்.

முக்கியமானது: ஊருக்கு விமானம் ஏறும் நாளன்று காலையில் தீவிலிருந்து கப்பலில் வரும் திட்டம் போடாதீர்கள். ஒரு இரவு முன்பே ஏதென்ஸ் பக்கத்துப் பெருநிலத்துக்கு வந்துவிடுங்கள்.

மாலைவெயில் (மார்ச் 5)

எதை வெட்டினாலும் சாண்டோரினியை வெட்டாதீர்கள். எல்லாரும் "கூட்டம், கூட்டம்" என்பார்கள். கூட்டம் காரணமில்லாமல் கூடுமா? எரிமலை வெடித்து நடுப்பகுதி கடலுக்குள் இறங்கிவிட, மிச்சம் நிற்கும் விளிம்பின்மேல் ஊர் கட்டி வாழ்கிறார்கள். கப்பல் அந்த வளையத்துக்குள் நுழையும்போது பாறைச்சுவரின் உச்சியில் வெள்ளையாகத் தெரிவதை முதலில் பனி என்று நினைத்தேன். வீடுகள்!

நீலக்கரை (மார்ச் 5)

சாண்டோரினிக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஈயா ஊருக்கு (எழுத்துக்கூட்டி 'ஓயா' என்று படிப்பார்கள், உச்சரிப்பு ஈயாதான்) சூரியன் மறைவதைப் பார்க்கப் போகவேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கோட்டைச் சுவரில் இடம் பிடிக்க ஐந்து மணிக்கே போய் நிற்கிறார்கள். ஆகஸ்டில் சூரியன் மறைவது எட்டு மணிக்கு மேல். மூன்று மணி நேரம் யாரோ ஒருவரின் முதுகைப் பார்க்க இத்தனை தூரம் வரவேண்டுமா? அதே சூரியன் இமெரோவிக்லியிலிருந்தும் தெரியும், தெற்கே அக்ரோதிரி கலங்கரை விளக்கத்திலிருந்தும் தெரியும்.

தீவின் தலைநகரான ஃபிராவிலிருந்து ஈயா வரை விளிம்போரமாக ஒரு நடைபாதை, சுமார் 10 கிலோமீட்டர். காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். ஒன்பதரை, பத்து மணிக்கு ஈயாவில் இருப்பீர்கள். சொகுசுக் கப்பல்களின் கூட்டம் அப்போதுதான் மேலே ஏறத் தொடங்கும். சுமார் 15,000 பேர் வாழும் தீவில், இப்போது நாளுக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அது வரம்பு என்றால் முன்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

பழைய துறைமுகத்திலிருந்து ஃபிராவுக்குக் கழுதைமேல் ஏறாதீர்கள். கேபிள் கார் இருக்கிறது. கழுதை 100 கிலோவுக்கு மேல், அல்லது தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக்கூடாது என்று 2018இல் சட்டமே போட்டார்கள். அந்த வெயிலில், அந்தப் படிகளில், வேண்டாம்.

கணக்குப்பிள்ளை (மார்ச் 6)

தம்பி, மூன்று விஷயம்.

ஷெங்கன் வீசா கட்டணம் 90 யூரோ, இந்தியாவிலிருந்து கிளம்பும் நால்வரில் ஒவ்வொருவருக்கும். தங்கும் இடங்களுக்கான முன்பதிவுத் தாளும் பயணத் திட்டமும் கேட்பார்கள். ஆறு தீவுக்குத் தாள் சேர்ப்பதைவிட மூன்று தீவுக்குச் சேர்ப்பது சுலபம்.

கார் ஓட்டுவதாக இருந்தால் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கலாம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் நினைவு வந்து பயனில்லை.

பொதுச்செலவுக்கு ஒரே பணப்பை வையுங்கள். எல்லோரும் ஒரே தொகை போடட்டும், ஒருவர் கையில் இருக்கட்டும். மது மட்டும் அந்தப் பையிலிருந்து வரக்கூடாது. இருபது வருட நட்பு இந்த ஒரு விதி இல்லாததால் முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கே என்று கேட்காதீர்கள்.

சைவச்சட்டி (மார்ச் 6)

சைவ நண்பரிடம் கவலை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஐரோப்பாவில் நான் வயிறு நிறையச் சாப்பிட்ட நாடு கிரேக்கம்தான்.

காரணம் அவர்களுடைய நோன்பு. மரபுவழித் திருச்சபையில் வருடத்தில் பாதி நாள்வரை ஏதாவது விரதம் வரும். அதனால் இறைச்சியும் பாலும் இல்லாத சமையல் அங்கே தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. எண்ணெயும் தக்காளியும் விட்டு வேகவைத்த காய்கறி வகைகளை 'லதெரா' என்பார்கள். பெரிய வெள்ளை மொச்சை போன்ற 'கிகாந்தெஸ்', அவித்த கீரையில் எலுமிச்சை பிழிந்த 'ஹோர்தா', கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் சேர்ந்த 'பிரியாம்'. சாண்டோரினி 'ஃபாவா' நம் பருப்பு மசியலேதான், மேலே பச்சை வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும்.

நீங்கள் போகும் ஆகஸ்ட் 1 முதல் 14 வரை மாதாவுக்கான நோன்புக் காலம். உணவகத்தில் 'நிஸ்தீசிமோ' இருக்கிறதா என்று கேளுங்கள். விரத உணவு என்று பொருள். ஆனால் ஒரு பொறி: அவர்கள் விரதத்தில் மீனுக்குத்தான் தடை, இறாலும் கணவாயும் ஆக்டோபஸும் விரத உணவுதான்! முதுகெலும்பு இல்லாதவை கணக்கில் வராது. அதனால் 'ஹோரிஸ் க்ரேயாஸ்' (இறைச்சி இல்லாமல்) என்று கேட்டு நிறுத்திவிடாமல் தட்டில் என்ன வருகிறது என்று உறுதிசெய்துகொள்ளட்டும். என் தட்டில் எட்டுக் கால்கள் வந்தன.

பழங்கல் (மார்ச் 8)

ஒருவர்கூட டெலோஸைக் குறிப்பிடவில்லை. இவ்வளவு நீண்ட விவாதத்தில் கழுதைக்கு ஒரு பத்தி கிடைத்திருக்கிறது, டெலோஸுக்கு ஒரு வரி இல்லை.

மிக்கோனோஸிலிருந்து படகில் அரை மணி நேரம். சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளமும் ஒன்றேகால் கிலோமீட்டர் அகலமும் உள்ள வறண்ட பாறை. அப்போலோவும் ஆர்ட்டெமிஸும் பிறந்த இடம் என்பதால் கிரேக்க உலகம் முழுவதும் கும்பிட்ட மண். பாரசீகருக்கு எதிராக கி.மு. 478இல் ஏதென்ஸ் சேர்த்த கூட்டணியின் கருவூலம் இங்கேதான் இருந்தது. கி.மு. 454இல் அந்தப் பணத்தை ஏதென்ஸுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். பொதுப் பணப்பையை யார் கையில் கொடுப்பது என்று கணக்குப்பிள்ளை சொன்னாரே, அதற்கு வரலாற்றில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கி.மு. 426இல் தீவைத் 'தூய்மை' செய்தார்கள். கல்லறைகளைத் தோண்டி எலும்புகளைப் பக்கத்துத் தீவான ரெனியாவுக்கு மாற்றினார்கள். அதன்பிறகு டெலோஸில் யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது. நிறைமாதக் கர்ப்பிணியையும் சாகக் கிடப்பவரையும் படகில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பினார்கள். சொந்த ஊரில் பிறந்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாத மக்கள்.

பிறகு ரோமானியர் அதை வரியில்லாத் துறைமுகமாக்க, பணம் கொட்டியது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு அடிமை வணிகத்திலிருந்து வந்தது என்பதையும் மறக்காமல் அந்த மொசைக் தரைகளைப் பாருங்கள். கி.மு. 88இலும் 69இலும் சூறையாடப்பட்டு ஊர் அழிந்தது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1873 முதல் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். இரவு தங்க அனுமதி இல்லை. நிழல் இல்லை. தண்ணீர் எடுத்துப்போங்கள்.

சாண்டோரினியில் அக்ரோதிரியும் கட்டாயம். ஸ்பிரிடோன் மரினாட்டோஸ் 1967இல் தோண்டத் தொடங்கிய வெண்கலக் கால நகரம். எரிமலைச் சாம்பல் மூடியதால் இரண்டு, மூன்று மாடி வீடுகள் அப்படியே நிற்கின்றன. இத்தாலியின் பொம்பேயி நகரில் கிடைத்ததுபோல இங்கே உடல்கள் கிடைக்கவில்லை. முன்கூட்டியே வந்த நிலநடுக்கங்களைப் பார்த்து மக்கள் கிளம்பிவிட்டிருக்க வேண்டும். சுவரோவியங்களில் பாதி ஏதென்ஸில், மீதி ஃபிரா அருங்காட்சியகத்தில். ஃபிராவில் நீலக் குரங்குகள் ஓவியம் இருக்கிறது. அவை நம் நாட்டு அனுமன் குரங்கின் சாயல் என்று அண்மையில் சில ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். எல்லோரும் ஏற்கவில்லை. வாலைப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கொங்குக்காற்று (மார்ச் 9)

ஐயா, அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. நேற்று ஐவரும் இணையத்தில் கூடி மூன்று மணி நேரம் சண்டை போட்டோம். கிரீட், ரோட்ஸ், பரோஸ் போய்விட்டன. புதிய திட்டம்: ஏதென்ஸ் 1, சாண்டோரினி 3, நாக்ஸோஸ் 3, மிக்கோனோஸ் 2 (டெலோஸுக்காக), கடைசி இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ராஃபினாவில். நாக்ஸோஸிலிருந்தே டெலோஸுக்கு ஒருநாள் படகு இருக்கிறதாம், முதலில் அதை முயல்வோம்.

ஒரு சந்தேகம். 2025 தொடக்கத்தில் சாண்டோரினியில் தொடர் நிலநடுக்கம் வந்து ஊரே காலியானதே, பயப்பட வேண்டுமா? நாகப்பட்டினத்துத் தோழி கேட்கிறாள். 2004 டிசம்பரைக் கண்ணால் கண்டவள்.

திசைமானி (மார்ச் 9)

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அப்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் தீவைவிட்டுப் போனார்கள். சில மாதங்களில் அடங்கியது. அதே கடற்பகுதியில் 1956 ஜூலை 9இல் வந்த பெரிய நிலநடுக்கம் சாண்டோரினியில் ஊர்களைத் தரைமட்டமாக்கியது, சுனாமியும் வந்தது. இன்று நீங்கள் படமெடுக்கும் வெள்ளை வீடுகளில் பல அதற்குப் பின் எழுப்பியவை. நடுவிலிருக்கும் நேயா கமெனி என்ற கருந்தீவு கடைசியாக 1950இல் குமுறியது. எரிமலைக்காரர்கள் கண்காணித்துக்கொண்டே இருக்கிறார்கள். கிளம்பும் வாரம் செய்தி பாருங்கள். தரை ஆடினால் கடற்கரையிலிருந்து மேடான இடத்துக்குப் போகவேண்டும் என்பதை அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீலக்கரை (மார்ச் 10)

திட்டம் இப்போது மனிதர்கள் போகக்கூடியதாக இருக்கிறது. ஒரே எச்சரிக்கை: ஆகஸ்ட் 15 அன்று மிக்கோனோஸுக்குப் பக்கத்திலுள்ள தீனோஸ் தீவின் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். மாதா திருவிழா. கிரேக்கமே அங்கே இறங்கும். அறை கிடைக்காது, கப்பலில் நிற்க இடம் கிடைக்காது.

கொங்குக்காற்று (ஆகஸ்ட் 30)

வந்துவிட்டோம். ஐவரும் இன்னும் பேசிக்கொள்கிறோம்.

சாண்டோரினியைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. மாலைவெயில் சொன்னதும் உண்மை, நீலக்கரை அக்கா சொன்னதும் உண்மை. விளிம்பு நடையை ஆறே முக்காலுக்குத் தொடங்கினோம். வழியில் நாய்கள் இரண்டு துணைக்கு வந்தன. ஒன்பது மணிக்கு வெயில் தலையைத் தட்டியது. ஈயாவில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கொடி பிடித்த வழிகாட்டிகளின் பின்னால் முதல் கூட்டம் தெருவில் நுழைந்தது. எழுந்து பஸ்ஸுக்கு நடந்தோம்.

வரலாறு என்றால் தூங்கும் கோவை நண்பனை அக்ரோதிரிக்கு இழுத்துப்போனேன். கூரைக்கு அடியில் நடைபாலம், கீழே தெரு. ஒரு வீட்டின் மாடிக் கழிவறையையும் அதிலிருந்து தெருவுக்கடியில் ஓடும் கழிவுநீர்க் குழாயையும் பார்த்தவன் அங்கேயே நின்றுவிட்டான். அவன் நகராட்சி ஒப்பந்தப் பொறியாளர். "மூவாயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன்பே இவர்கள் முடித்துவிட்டார்கள், நான் இன்னும் டெண்டர் போட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றான். நாள் முழுக்க அதே பேச்சு. குரங்குகளையும் பார்த்தோம், ஐயா. வால் நீளம்தான்.

நாக்ஸோஸில் கதை வேறு. துறைமுகத்தில் இறங்கும்போதே இடப்பக்கக் குன்றில் அந்த வாசல் நிற்கிறது. கி.மு. 530 வாக்கில் ஓர் அப்போலோ கோவிலைத் தொடங்கி, முடிக்காமல் விட்டார்கள். சுமார் ஆறு மீட்டர் உயரப் பளிங்கு நிலைவாசல் மட்டும் மிச்சம். உள்ளே போனாலும் கடல், வெளியே வந்தாலும் கடல். நிலை வைத்ததோடு நின்றுபோன வீடுகள் நம் ஊரிலும் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன, அவற்றைப் பார்க்க யாரும் கப்பலில் வருவதில்லை.

கார் எடுக்கப் போனபோது கணக்குப்பிள்ளை அண்ணாவின் முகம் நினைவுக்கு வந்தது. எங்கள் நால்வரில் சர்வதேச அனுமதி வாங்கியவர் யாருமில்லை. ஒவ்வொருவரும் மற்றவர் வாங்கியிருப்பார் என்று நம்பியிருந்தோம். ஜெர்மன் உரிமம் வைத்திருந்தவன்தான் மூன்று நாளும் ஓட்டினான். மலைக்கிராமங்களின் வளைவுகளில் அவன் எங்களைத் திட்டியது முழுவதும் நல்ல கோவைத் தமிழில் இருந்தது. அவனுக்கு மொழி மறக்கவில்லை என்று மகிழ்ந்தோம். வடமுனையில் அப்போலோனாஸ் ஊருக்கு மேலே, செதுக்கி முடிக்காத பத்து மீட்டருக்கும் நீளமான பளிங்குச் சிலை ஒன்று, வெட்டிய குவாரியிலேயே இரண்டாயிரத்து ஐந்நூறு வருடமாகப் படுத்திருக்கிறது. முகத்தில் தாடி இருக்கிறதா இல்லையா என்று வங்கிக்காரனும் பொறியாளரும் அரை மணி நேரம் வாதிட்டார்கள்.

12ஆம் தேதி டெலோஸ் படகு ரத்து. 13ஆம் தேதி காலையில் துறைமுகத்து டிக்கெட் கடையில் அந்தச் சொல் காதில் விழுந்தது: அபகொரெவ்திகோ. திசைமானி சொன்னபடி வானம் நீலமாக இருந்தது, ஒரு மேகம் இல்லை. கடல் முழுவதும் வெள்ளை. நாற்காலிகளை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாள்தான் பயணத்தின் நல்ல நாள். போக இடமில்லை, பார்க்கவேண்டிய பட்டியல் இல்லை. காற்று புகாத ஒரு சந்தில் உணவகம். பதினொரு மணிக்கு உட்கார்ந்தோம், எழுந்தது மாலை ஐந்து. வறுத்த நாக்ஸோஸ் உருளைக்கிழங்கு நான்கு தட்டு போனது. கிரேக்கத்தில் 'பரேயா' என்று ஒரு சொல் உண்டு. சேர்ந்து உட்கார்ந்து பொழுதைக் கழிக்கும் நண்பர் கூட்டத்துக்கும் அந்தக் கழித்தலுக்கும் அதுவே பெயர். பரிமாறியவர் எங்களைக் காட்டி உள்ளே யாரிடமோ அந்தச் சொல்லைச் சொன்னார். கடைசியில் கேட்காமலே தர்பூசணி வந்தது, கணக்கில் சேர்க்கவில்லை. விடுதி மெஸ்ஸுக்குப் பிறகு நாங்கள் ஐவரும் ஆறு மணி நேரம் ஒரே மேசையில் இருந்தது அன்றுதான். சென்னைக்காரன் ஒன்றரை வருடமாக எங்களிடம் மறைத்து வைத்திருந்த ஒரு விஷயத்தை அன்று சொன்னான். அதை இங்கே எழுதமாட்டேன்.

14ஆம் தேதி ஆறு மணி நேரம் தாமதமாக மிக்கோனோஸ் போய்ச்சேர்ந்தோம். அந்த இரவே சண்டை. மிச்சம் ஒரே நாள்: 15. நான் டெலோஸ் என்றேன். நாகப்பட்டினத்துத் தோழி தீனோஸ் என்றாள். "அக்கா போகவேண்டாம் என்று எழுதியிருக்கிறார்" என்று காட்டினேன். "எந்த ஊர்த் திருவிழாவுக்குப் போகாதே என்று கூட்டத்தைக் காரணம் காட்டுகிறார்களோ, அந்த ஊருக்குத்தான் போகவேண்டும்" என்றாள். பிரிந்து போனோம். நானும் வங்கிக்காரனும் டெலோஸ். மற்ற மூவர் தீனோஸ்.

ஐயா, நீங்கள் சொன்னதெல்லாம் இருந்தது. வற்றவைத்த புனித ஏரியின் நடுவில் ஒற்றைப் பேரீச்சை மரம். நாக்ஸோஸ்காரர்கள் காணிக்கை தந்த சிங்கங்கள் வரிசையாக வாய் திறந்து நிற்கின்றன. வெளியில் இருப்பவை நகல்கள் என்று தெரிந்தும் அருகே போனபோது குரல் தாழ்ந்துவிட்டது. தப்பிப்போன ஒரு சிங்கம் வெனிஸ் நகரின் ஆயுதக்கிடங்கு வாசலில் வேறு தலையோடு உட்கார்ந்திருக்கிறது என்று வங்கிக்காரன் படித்துச் சொன்னான். ஆனால் எனக்கு மனத்தில் நிற்பது கின்தோஸ் குன்றின் உச்சி. நூறு மீட்டருக்குச் சற்று மேல்தான். அங்கிருந்து பார்த்தால் அக்கரையில் ரெனியா, கைநீட்டித் தொடும் தூரம். வலி எடுத்த பெண்ணைப் படகில் ஏற்றி அந்த இடைக்கடலைக் கடந்திருப்பார்கள். அதுவும் மெல்தேமி மாதத்தில்.

தீனோஸ் பற்றி அவளே எழுதட்டும். இதற்காகவே கணக்கு தொடங்கியிருக்கிறாள்.

வெள்ளைமணல் (ஆகஸ்ட் 31)

வணக்கம். நான்தான் அந்த ஆசிரியை.

மிக்கோனோஸிலிருந்து கப்பலில் அரை மணி நேரம்தான். டிக்கெட் கிடைத்தது மேல்தளத்தில் நிற்க. பக்கத்தில் ஒரு பாட்டி, தன் உயரத்துக்குச் சமமான மெழுகுவர்த்தியைத் துணியில் சுற்றிக் குழந்தையைப் போலப் பிடித்திருந்தார்.

துறைமுகத்திலிருந்து கோவிலுக்கு ஒரே நேர்ச்சாலை, மேடு, ஏறக்குறைய 800 மீட்டர். சாலையின் ஓரத்தில் ஒரு பட்டைக் கம்பளம் விரித்திருக்கிறார்கள். அது முழங்காலில் ஏறுபவர்களுக்கு. நான் வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். பழைய கோவில் மணற்பாதையில் முழங்காலில் போகும் தாய்மார்களைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இங்கே மணலுக்குப் பதில் கம்பளம், அவ்வளவுதான். ஓர் இளைஞன் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி ஏறினான். அவன் அம்மா பக்கத்தில் தண்ணீர்ப் புட்டியோடு நடந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் என்ன நடக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கோவிலுக்குள் வெள்ளித் தகட்டில் செய்த கண், கால், குழந்தை, கப்பல் எல்லாம் தொங்குகின்றன. 'தாமா' என்கிறார்கள். நம் பக்கம் காணிக்கையாக விற்கும் அதே உருவங்கள். ஒரு வெள்ளி ஆரஞ்சு மரமும் தொங்குகிறது. பார்வை இழந்த ஒருவர், பார்வை திரும்பினால் முதலில் காண்பதைச் செய்து தருவதாக நேர்ந்துகொண்டாராம், கண்ணில் பட்டது ஆரஞ்சு மரம்.

1823இல் மண்ணிலிருந்து எடுத்த மாதா படத்தைப் பல்லக்கில் சுமந்து துறைமுகத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வழியில் மக்கள் வரிசையாகத் தரையில் படுத்துக்கொள்ள, படம் அவர்களுக்கு மேலாகக் கடந்துபோகிறது. கடற்படையினர் அணிவகுத்து நின்றார்கள். அதற்கும் காரணம் உண்டு: 1940 ஆகஸ்ட் 15 அன்று, இதே திருவிழா நேரத்தில், துறைமுகத்தில் நின்றிருந்த எல்லி என்ற கிரேக்கப் போர்க்கப்பலை இத்தாலிய நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. இத்தாலி போர் தொடுக்க அப்போது இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

பொறியாளர் நண்பர் என்ன செய்தார் தெரியுமா? பிரார்த்தனை எதுவும் இல்லாதவர். திடீரென்று வரிசையில் போய்ப் படுத்துவிட்டார். எழுந்து சட்டையைத் தட்டியபடி, "சாலையின் சாய்வு எவ்வளவு என்று பார்த்தேன்" என்றார்.

நீலக்கரை (ஆகஸ்ட் 31)

நான் சொன்னதில் கூட்டத்தைப் பற்றிய பகுதி சரிதானே? திரும்பும் கப்பலில் என்ன ஆயிற்று என்று எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்.

வெள்ளைமணல் (ஆகஸ்ட் 31)

சரிதான் அக்கா. நின்றுகொண்டே தூங்கினோம். ஜெர்மனிக்காரன் ஒரு சரக்கு லாரியின் படியில் உட்கார்ந்து, லாரிக்காரர் தந்த அத்திப்பழத்தைத் தனியாகத் தின்று முடித்தான்.

கணக்குப்பிள்ளை (செப்டம்பர் 1)

பணப்பை?

கொங்குக்காற்று (செப்டம்பர் 1)

வங்கிக்காரன் கையில் இருந்தது, அண்ணா. 23 யூரோ மீதம். திரும்பித் தர மறுக்கிறான், அடுத்த பயணத்துக்கு முன்பணமாம். ஏதென்ஸ் கருவூலத்தைக் கொண்டுபோன கதையைச் சொல்லிப் பார்த்தேன். அவர்களாவது அதில் கோவில் கட்டினார்கள் என்கிறான்.

முதல்பயணி (செப்டம்பர் 3)

இந்த இழை முழுவதும் படித்தேன். அம்மாவை (68 வயது, முழங்கால் வலி) மே மாதம் அழைத்துப்போக ஆசை. எந்தத் தீவு?

வெள்ளைமணல் (செப்டம்பர் 3)

சாண்டோரினி முழுக்கப் படிகள், டெலோஸில் நிழல் இல்லை. மே மாதம் என்றால் நாக்ஸோஸில் நான்கு நாள் இருங்கள். கடலோரத் தெரு சமதளம், அறைக்குக் கீழேயே உணவகங்கள். திரும்பும் வழியில் தீனோஸ். கோவில் மேட்டுக்கு வாடகைக் கார் போகும், அம்மா நடக்க வேண்டியதில்லை. மெழுகுவர்த்தி வழியெல்லாம் விற்கிறார்கள். பெரியதாக வாங்கித் தரச்சொல்லி அடம்பிடிப்பார், வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.